ரிவர்ஸில் ஏ செல்லும் ஒட்டுகிறது: குரூப்பை ‘ஏ பாசிட்டிவ்’ என்று எழுதலாமா?

சேதுக்கரை_லேப்

வணக்கம். ராமேஸ்வரம் பக்கம் ஒரு சிறிய இரத்த சேமிப்பு மையத்துக்கு வந்திருக்கும் கேஸ். டியூப் முறைதான், ஜெல் கார்டு கிடையாது. 47 வயதுப் பெண், கர்ப்பப்பையில் நார்க்கட்டி, நீண்ட நாளாக உதிரப்போக்கு, ஹீமோகுளோபின் 5.8. இரண்டு யூனிட் பேக்டு செல் (சிவப்பணு மட்டும்) கேட்டிருக்கிறார்கள். மூன்று பிரசவம். முன்பு இரத்தம் ஏற்றியதாக வீட்டாருக்கு நினைவில்லை. பல்ஸ், பிரஷர் நிலையாக இருக்கிறது.

ஃபார்வர்டு (அவர் செல்லைத் தெரிந்த ஆன்டிபாடியோடு; 0 என்றால் ஒட்டவில்லை, 4+ என்றால் முழுப் பலத்தில் ஒட்டியது): ஆன்டி-ஏ 4+, ஆன்டி-பி 0, ஆன்டி-ஏபி 4+, ஆன்டி-டி 4+.
ரிவர்ஸ் (அவர் சீரத்தைத் தெரிந்த செல்லோடு): ஏ செல் 2+, பி செல் 4+. ஏ குரூப்பாக இருந்தால் ஏ செல் ஒட்டியிருக்கக் கூடாது.

ரிவர்ஸ் செல்கள் கடையில் வாங்கியவை இல்லை. கையிருப்புப் பைகளின் செக்மென்டில் (பையோடு இணைந்த சிறு குழாய்த் துண்டு) இருந்து மூன்று ஏ, மூன்று பி எடுத்துக் கலந்து அன்று காலை போட்ட பூல். ஓ செல் போடவில்லை. ரிஜிஸ்டரில் அதற்குக் கட்டமும் இல்லை. அறையில் ஏசி 18-ல் இருந்தது.

இங்கே இரண்டு கருத்து ஓடுகிறது. ஒருவர், “37 டிகிரியில் வைத்தால் அந்த 2+ போய்விடும், ஏ என்று எழுது” என்கிறார். இன்னொருவர், “இது ஏ2-ஆகத்தான் (ஏ-வின் பலவீன உட்பிரிவு) இருக்கும், மண்டையை உடைக்காமல் ஓ பாசிட்டிவ் கொடுத்துவிடு, ஓ எல்லாருக்கும் சேரும்” என்கிறார். எது சரி? ராமநாதபுரத்தில் உள்ள எங்கள் மதர் பிளட் பேங்குக்கு (எங்களுக்கு இரத்தம் தரும் பெரிய மையம்) சாம்பிள் அனுப்புவதென்றால் ஏறத்தாழ 55 கிலோமீட்டர். அனுப்பும் முன் இங்கேயே என்னென்ன பார்க்கலாம்?

---

உப்பளக்காற்று

இரண்டு கருத்தையும் இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். ஃபார்வர்டும் ரிவர்ஸும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும் வரை குரூப் கட்டம் காலியாகவே இருக்கட்டும். பென்சிலில்கூட எழுதாதீர்கள், அடுத்த ஷிப்டில் வருபவர் அதன்மேல் பேனாவை ஓட்டிவிடுவார்.

முதலில் புது சாம்பிள். முடிந்தால் வேறொருவர் போய் எடுக்கட்டும். ஒரு ஈடிடிஏ டியூப் (இரத்தம் உறையாமல் தடுப்பது), ஒரு பிளெய்ன் டியூப் (எதுவும் சேர்க்காதது, சீரத்துக்கு). பெயர் மட்டும் போதாது, ஐபி நம்பரும் கட்டிலருகே நின்றே எழுத வேண்டும். நம் கரையோர ஊர்களில் ஒரே வார்டில் ஒரே பெயர், ஒரே இனிஷியல் இரண்டு பேர் இருப்பது சாதாரணம். ராமேஸ்வரத்தில் வடக்கிலிருந்து வரும் யாத்ரீகர்கள் வேறு, பெயரை ஒருவர் ஒருவிதமாகக் காதில் வாங்கி எழுதுவார். முரண்பாடு வந்தால் ஆன்டிபாடியைத் தேடும் முன் ஆளைச் சரிபாருங்கள்.

அடுத்து செல்லைக் கழுவுங்கள். நோயாளியின் செல்லை சலைனில் மூன்று முறை கழுவி, 3 முதல் 5 சதவீத சஸ்பென்ஷன் போடுங்கள். கழுவிய செல் 1 சொட்டு, சலைன் 20 சொட்டு என்றால் கிட்டத்தட்ட 5 சதவீதம் வரும். கெட்டியாகப் போட்டால் பலவீனமான ஒட்டுதல் அமுங்கிவிடும். நீர்த்துப் போட்டால் பார்க்கவே செல் இருக்காது. உங்கள் பூல் செல்களையும் அப்படியே கழுவுங்கள். செக்மென்டில் கொடையாளரின் பிளாஸ்மா மிச்சம் இருக்கும். கழுவாத ஏ செல்லில் அந்தக் கொடையாளரின் ஆன்டி-பி இருக்கும். சலைன் அன்று திறந்ததாக இருக்க வேண்டும். கண்ணாடி டியூப்களை மறுபடி கழுவிப் பயன்படுத்தினால் கடைசி அலசல் டிஸ்டில்டு வாட்டரில்தான். நம் பக்கத்து போர் தண்ணீரில் அலசிக் காயவைத்த டியூபின் உள்சுவரில் உப்பு படிந்து நிற்கும்.

இப்போது ரிவர்ஸை ஆறு டியூபாகப் போடுங்கள்: ஏ செல் மூன்று, மூன்றும் தனித்தனிக் கொடையாளர், கலக்காமல், பி செல் ஒன்று, ஓ செல் ஒன்று, கடைசியில் ஆட்டோ கன்ட்ரோல், அதாவது அவர் சீரத்தில் அவர் செல்லே. ஒவ்வொன்றிலும் சீரம் 2 சொட்டு முதலில், செல் 1 சொட்டு பிறகு. எல்லா டியூபிலும் சீரம் விழுந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டுச் செல்லைப் போடுங்கள். சீரம் விட மறந்த டியூபும் நெகட்டிவாகத்தான் தெரியும்.

சென்ட்ரிஃப்யூஜில் சுற்றிய பிறகு டியூபை ஆட்டும் முன் மேல்நீரைப் பாருங்கள். சிவந்திருந்தால் ஹீமோலிசிஸ், அதாவது செல் உடைந்திருக்கிறது. அதுவும் பாசிட்டிவ்தான், செல் ஒட்டவில்லையே என்று 0 போட்டுவிடக் கூடாது. ஈடிடிஏ பிளாஸ்மாவில் கால்சியம் கட்டுண்டு கிடப்பதால் காம்ப்ளிமென்ட் (ஆன்டிபாடியோடு சேர்ந்து செல்லை உடைக்கும் புரதங்கள்) வேலை செய்யாது, இந்த ஹீமோலிசிஸ் தெரியாது. அதனால்தான் பிளெய்ன் டியூபும் கேட்டேன். அடியில் படிந்த செல் பட்டனை மெதுவாகச் சாய்த்துக் கலையுங்கள். சிலர் உதறுகிற உதறலில் 2+ எல்லாம் 0 ஆகிவிடும்.

ஏசியை 22-23க்கு ஏற்றிவிட்டு இதைச் செய்யுங்கள். 18 டிகிரியில், அதுவும் ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்த செல்லை அப்படியே சொட்டினால், ஒன்றுக்கும் உதவாத குளிர் ஆன்டிபாடிகூட எழுந்து நிற்கும்.

விடை ஓ செல்லிலும் ஆட்டோ கன்ட்ரோலிலும் இருக்கிறது. இரண்டும் 0, ஏ செல் மட்டும் பாசிட்டிவ் என்றால் ஆன்டி-ஏ1 (ஏ-வின் வழக்கமான வகையான ஏ1 செல்லை மட்டும் ஒட்டும் ஆன்டிபாடி) பக்கம் போங்கள். ஓ செல்லும் ஒட்டி ஆட்டோ மட்டும் 0 என்றால் ஏபிஓ-வுக்கு வெளியே ஏதோ ஒரு குளிர் அல்லோஆன்டிபாடி (பிறர் செல்லை மட்டும் ஒட்டுவது). எம், பி1, லூயிஸ் இந்த வகையறா. ஓ, ஆட்டோ இரண்டும் ஒட்டினால் குளிர் ஆட்டோஆன்டிபாடி (தன் செல்லையே ஒட்டுவது), இல்லையென்றால் ரூலோ (செல்கள் அடுக்கிக்கொள்ளும் போலி ஒட்டுதல்). இந்த இரண்டு டியூபும் போடாமல் ஏ2 என்று முடிவு கட்டுவது வெறும் ஊகம்.

---

பனைக்காடு

மேலே சொன்னதில் ஏ2 பகுதியை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், அதில்தான் பலருக்குக் குழப்பம்.

ஏ2 ஆட்களில் 1 முதல் 8 சதவீதம் பேருக்கும், ஏ2பி ஆட்களில் 22 முதல் 35 சதவீதம் பேருக்கும் சீரத்தில் ஆன்டி-ஏ1 இருக்கலாம் என்பது பாடநூல் கணக்கு. ஃபார்வர்டில் ஆன்டி-ஏ 4+ வந்ததாலேயே ஏ1 என்று ஆகிவிடாது. இப்போதைய மோனோகுளோனல் ஆன்டி-ஏ, ஏ2-வையும் 4+ ஒட்டிவிடும். பிரித்துச் சொல்வது ஆன்டி-ஏ1 லெக்டின், செல்லை ஒட்டவைக்கும் ஒரு தாவரப் புரதம். அது எதிலிருந்து வருகிறது என்றால் நம் ஊர் காணப்பயறு, கொள்ளு. ஏ1 செல்லை ஒட்டும், ஏ2-வை ஒட்டாது.

கொள்ளில் இருந்து நாமே எடுக்கலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். எடுக்கலாம். பயறைக் கரடுமுரடான மணல் பதத்துக்கு அரைத்து, அதன் அளவைப் போல 3-4 மடங்கு சலைன் ஊற்றி, அறை வெப்பத்தில் 4 முதல் 12 மணி நேரம் அவ்வப்போது கலக்கி வைத்து, சுற்றி மேல்நீரை வடிகட்ட வேண்டும். சிக்கல் இதற்குப் பிறகுதான். வடித்த சாறு நீர்க்காமல் இருந்தால் ஏ2-வையும் ஒட்டிவிடும். தெரிந்த ஏ1, தெரிந்த ஏ2 செல் இரண்டையும் வைத்து, ஏ1-க்கு 3+ அல்லது 4+ வந்து ஏ2-க்கு ஒன்றுமே வராத அளவு வரை சலைனில் நீர்க்க வேண்டும். கையில் உறுதியான ஏ2 செல் இல்லாதவர் இந்த வேலையில் இறங்கக் கூடாது. நோயாளிக்கான பரிசோதனைக்கு, தரம் சரிபார்த்த வாங்கிய லெக்டின்தான் ஒழுங்கு. டிஎன், கேட் போன்ற அபூர்வச் செல்களையும் இந்த லெக்டின் ஒட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

லெக்டின் நெகட்டிவ் என்பது பாதி சாட்சிதான். மீதிப் பாதி சீரத்தில் இருந்து வர வேண்டும்: மூன்று ஏ1, மூன்று ஏ2, மூன்று ஓ செல்லோடு போட்டுப் பாருங்கள். ஏ1 மூன்றும் ஒட்டி மற்ற ஆறும் சும்மா இருந்தால் ஆன்டி-ஏ1 உறுதி.

இங்கே பூல் செல்லால் வரும் வில்லங்கத்தைக் கவனியுங்கள். உங்கள் மூன்று ஏ கொடையாளரில் ஒருவர் ஏ2 என்றால், பூலில் சில செல் ஒட்டும், சில செல் ஒட்டாது, பலவீனமாகத் தெரியும். இதையே தலைகீழாக ஏமாறவும் முடியும். தனித்தனியாகப் போட்டபோது ஒரு ஏ செல் மட்டும் ஒட்டவில்லை என்றால், ‘ஆஹா, அது ஏ2, ஆகவே இவருக்கு ஆன்டி-ஏ1’ என்று தாவிவிடாதீர்கள். அந்தக் கொடையாளரிடம் எம் ஆன்டிஜன் இல்லாமல் இருந்து, இவருக்கு ஆன்டி-எம் இருந்தாலும் அதே படம்தான் வரும். இரண்டையும் பிரிப்பது ஓ செல் டியூப் ஒன்றே.

ஆன்டி-ஏ1 என்று முடிவானால், 37 டிகிரியில் அது வேலை செய்கிறதா என்று பாருங்கள். செய்யவில்லை என்றால் கிராஸ்மேட்சில் (பையின் செல்லை நோயாளியின் சீரத்தோடு சேர்த்துப் பார்ப்பது) பொருந்தும் ஏ யூனிட் கொடுக்கலாம். 37-லும் ஒட்டுகிறது என்றால் ஏ2 அல்லது ஓ மட்டும். சேமிப்பு மையத்தில் ஏ2 பையைத் தேடிக்கொண்டிருக்க முடியாது, ஓ பேக்டு செல்தான் நடைமுறை.

---

மதுரைரோடு

“ஓ எல்லாருக்கும் சேரும்” என்ற பேச்சுக்குத்தான் பதில் சொல்ல வந்தேன். ஓ செல் டியூப் நெகட்டிவாக இருக்கும் வரைக்கும்தான் அது செல்லும்.

உதாரணத்துக்கு வேறொருவர்: ஃபார்வர்டில் ஏ-யும் இல்லை, பி-யும் இல்லை, பார்த்தால் சுத்தமான ஓ. ரிவர்ஸில் ஏ செல் 4+, பி செல் 4+. ஓ செல் போடாத மையத்தில் இது ‘ஓ பாசிட்டிவ்’ என்று வெளியே போய்விடும். போட்டிருந்தால் அதிலும் 4+, ஆட்டோ 0 என்று வந்திருக்கும். அதுதான் பாம்பே குரூப். 1952-ல் பம்பாயில் பெண்டேயும் உடனிருந்தவர்களும் முதலில் விவரித்தது. நம் நாட்டில் ஏறக்குறைய 10,000 பேரில் ஒருவர் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஏ, பி இரண்டுக்கும் அடித்தளமான எச் ஆன்டிஜனே இல்லாத செல், ஆகவே சீரத்தில் வீரியமான ஆன்டி-எச். அது 37 டிகிரியிலும் வேலை செய்யும், உடம்புக்குள் செல்லை உடைக்கும். அவருக்கு ஓ கொடுப்பது, ஓ ஆளுக்கு ஏ கொடுப்பதற்குச் சமம். இன்னொரு பாம்பே குரூப் கொடையாளரின் இரத்தம் மட்டுமே சேரும். உறுதிப்படுத்த ஆன்டி-எச் லெக்டின். யூலெக்ஸ் செடியில் இருந்து வருவது, நீலகிரியில் மஞ்சள் பூவோடு களையாகப் பரவிக் கிடக்குமே, அது. ஓ செல்லை அது பலமாக ஒட்டும், பாம்பேயை ஒட்டவே ஒட்டாது.

கையிருப்பில் உள்ள ஓ பைகள் ஒன்று விடாமல் கிராஸ்மேட்சில் மறுத்தால் பைகளைக் குறை சொல்லாமல் குரூப்பிங்குக்குத் திரும்புங்கள். இத்தகைய ஒருவர் அகப்பட்டால் உடன்பிறந்தவர்களையும் அழைத்துப் பாருங்கள், பெற்றோர் இருவரிடமிருந்தும் வர வேண்டிய பண்பு என்பதால் அவர்களில் இன்னொருவர் கிடைக்க நல்ல வாய்ப்பு. சொந்தத்துக்குள்ளேயே பெண் கொடுத்து எடுக்கும் குடும்பங்களில் இன்னும் அதிகம்.

கேட்டவரின் கேஸ் பாம்பே இல்லை, ஆன்டி-ஏ 4+ இருக்கிறது. ஆனால் ஓ செல்லோடும் ஒட்டுகிற சீரம் என்றால் ‘ஓ கொடுத்துத் தப்பிப்போம்’ என்ற வழியும் அங்கே தானாக அடைபட்டுவிடுகிறது. எந்த ஓ, எந்த வெப்பநிலையில் என்று பார்க்காமல் முடியாது.

---

தொண்டி_மெடிக்கல்

எதிர்த் திசையையும் ஒருவர் எழுதட்டும் என்று பார்த்தேன், யாரும் எழுதவில்லை. நானே எழுதுகிறேன். ஒட்டக் கூடாதது ஒட்டுவதைவிட, ஒட்ட வேண்டியது ஒட்டாமல் போவதுதான் நம் பக்கம் அதிகம் பார்க்கக் கிடைக்கும்.

ஃபார்வர்டு ஏ, ரிவர்ஸில் பி செல் 0 அல்லது சந்தேகமாக ஏதோ. முதலில் வயதைப் பாருங்கள். நாலு மாதத்துக்குள் உள்ள குழந்தைக்கு ரிவர்ஸ் போட்டுப் பயனில்லை, அதில் வருவது தாயின் ஆன்டிபாடி. எண்பதைத் தொடும் முதியவருக்கு ஆன்டி-ஏ, ஆன்டி-பி வற்றியிருக்கும். ஐவி ஃப்ளூயிட் லிட்டர் லிட்டராக ஏறியவருக்கும் நீர்த்திருக்கும்.

அடுத்து அறை. ஏபிஓ ஆன்டிபாடிகள் பெரும்பாலும் ஐஜிஎம், குளிர்ச்சியில்தான் பலம். கரண்ட் போய், சித்திரை வெயிலில் அறை 34 டிகிரியில் வெந்துகொண்டிருக்கும்போது ‘அறை வெப்பநிலை’ என்று எழுதிவிட்டு டெஸ்ட் போட்டால் முதியவரின் பலவீனமான ஆன்டி-பி தெரியாமலே போகும். புத்தகத்தில் அந்த வார்த்தைக்கு 20-24 டிகிரி என்று அர்த்தம். ரிஜிஸ்டரில் வெப்பநிலையை எண்ணாக எழுதுங்கள். கேட்டவருக்கு 18, இன்னொருவருக்கு 34, இரண்டுமே கோளாறு.

ஒட்டாத ரிவர்ஸுக்குச் செய்ய வேண்டியது: அதே டியூப்களை 22 டிகிரியில் 15 முதல் 30 நிமிடம் வைத்து, மறுபடி சுற்றிப் பாருங்கள். பாதிக்கு மேல் இங்கேயே தெளிந்துவிடும். தெளியாவிட்டால் 4 டிகிரியில் 15-30 நிமிடம். ஆனால் ஓ செல்லும் ஆட்டோ கன்ட்ரோலும் கூடவே ஃப்ரிட்ஜுக்குள் போக வேண்டும். 4 டிகிரியில் கிட்டத்தட்ட எல்லாருக்கும் கொஞ்சம் ஆன்டி-ஐ உண்டு, அதை ஆன்டி-பி என்று படித்துவிடுவோம்.

மிக்ஸ்டு ஃபீல்டு, அதாவது பெரிய கட்டியும் சுற்றிலும் ஒட்டாத செல்லுமாகத் தெரிந்தால், நுண்ணோக்கியை விட்டு நோயாளியின் வீட்டாரிடம் போங்கள். வேறு ஊரில் ஆபரேஷன் ஆகி ஓ இரத்தம் ஏறியிருக்கும். மூன்று மாதத்துக்குள் ஏறியதை எல்லாம் கேளுங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால்தான் ஏ3, லுகேமியா என்று யோசிக்க வேண்டும்.

பாம்புக்கடி கேஸுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் கடியில் ஃபைப்ரினோஜன் தீர்ந்து இரத்தம் உறைவதில்லை, அல்லது அரைகுறையாக உறையும். பிளெய்ன் டியூபில் ‘சீரம்’ என்று நாம் எடுப்பது பாதி பிளாஸ்மா. டியூபில் போட்டபின் மெல்ல ஃபைப்ரின் இழை திரண்டு செல்லைப் பிடித்துக்கொள்ளும், பார்த்தால் 1+ மாதிரியே இருக்கும். டயாலிசிஸில் ஹெபாரின் போன நோயாளிக்கும் இதே கதை. ரிவர்ஸை ஈடிடிஏ பிளாஸ்மாவில் போடுங்கள், தீர்ந்தது.

ரூலோ பற்றி மேலே பெயர் மட்டும் வந்தது. மைலோமா, புரதம் எகிறிய நிலை, டெக்ஸ்ட்ரான் ஏற்றியவர்கள். நுண்ணோக்கியில் நாணயத்தை அடுக்கியது போலத் தெரியும், எல்லாச் செல்லோடும் ‘ஒட்டும்’. சோதிக்க எளிது: சுற்றிய டியூபில் செல் பட்டனை அசைக்காமல் சீரத்தை மட்டும் உறிஞ்சி எடுங்கள், அதே அளவு, அதாவது 2 சொட்டு சலைன் விடுங்கள், கலக்கி மறுபடி சுற்றிப் பாருங்கள். ரூலோ கலைந்துவிடும். நிஜ ஒட்டுதல் நிற்கும். சீரத்திலேயே சலைனைக் கூடுதலாகச் சொட்டுவது குறுக்குவழி, அதில் பலவீனமான ஆன்டிபாடியும் நீர்த்துப் போகும்.

அக்கொயர்டு பி (நோயால் வந்து ஒட்டிய பி) அரிது, ஒரு வரியோடு விடுகிறேன்: பெருங்குடல் புற்றுநோய் அல்லது குடல் சார்ந்த தொற்று உள்ள ஏ1 ஆள், ஃபார்வர்டில் ஆன்டி-ஏ 4+, ஆன்டி-பி மட்டும் 1+ அல்லது 2+, சீரத்தில் ஆன்டி-பி பலமாக. அவர் சீரம் அவர் செல்லை ஒட்டாது. ஏபி என்று எழுதி ஏபி இரத்தம் ஏற்றினால் ஆபத்து.

---

சேதுக்கரை_லேப்

அனைவருக்கும் நன்றி. புது சாம்பிள் எடுத்து, எல்லாச் செல்லும் கழுவி, ஏசி 23-ல்:

ஃபார்வர்டு அதே. ரிவர்ஸ்: ஏ செல் முதல் கொடையாளர் 2+, இரண்டாவது 1+, மூன்றாவது 0. பி செல் 4+. ஓ செல் 1+. ஆட்டோ 0. டைரக்ட் கூம்ப்ஸ் (அவர் செல்மேல் ஆன்டிபாடி படிந்திருக்கிறதா என்ற சோதனை) நெகட்டிவ். சீரத்தை எடுத்துவிட்டுச் சலைன் விட்டுப் பார்த்தும் ஓ செல் 1+ அப்படியே நிற்கிறது.

37 டிகிரியில் சீரத்தையும் செல்லையும் தனித்தனியாகக் கால் மணி நேரம் சூடாக்கிக் கலந்து வைத்தபோது: ஏ மூன்றும் 0, ஓ 0, பி 3+.

37-ல் போய்விட்டதால் ஏ என்று முடிக்கலாமா? இல்லை இதையும் அனுப்ப வேண்டுமா?

---

உப்பளக்காற்று

படம் தெளிவாகிவிட்டது. ஓ செல் ஒட்டுகிறது, ஆட்டோ 0, சலைனில் கலையவில்லை. ஆகவே ஆன்டி-ஏ1 இல்லை, ரூலோ இல்லை, ஆட்டோ இல்லை. குளிர் அல்லோஆன்டிபாடி. ஏ செல் மூன்றும் 2+, 1+, 0 என்று படிப்படியாக இறங்குவது எனக்கு ஆன்டி-எம்மை நினைவூட்டுகிறது. அதற்கு டோசேஜ் உண்டு: எம்எம் செல்லைப் பலமாகவும், எம்என் செல்லைப் பலவீனமாகவும் ஒட்டும், என்என் செல்லைத் தொடாது. பி செல்லிலும் இதே ஆன்டிபாடி வேலை செய்திருக்கலாம், ஆன்டி-பியின் 4+ அதை மூடிவிட்டது.

மூன்றாவது கொடையாளரின் ஏ செல் 23 டிகிரியிலும் 0. 37-ல் மற்றவையும் 0. இவருக்கு ஆன்டி-ஏ கிடையாது என்பதற்கு இது நல்ல ஆதாரம். ஆனாலும் ‘37-ல் போய்விட்டது’ என்பதை மட்டும் வைத்து முடிக்கக் கூடாது. காரணம், நிஜமான பலவீன ஆன்டி-ஏகூட 37-ல் மங்கும். உங்கள் கேஸில் பி செல் 4+ இருந்து 3+ ஆக இறங்கியதே அதற்குச் சாட்சி. 37 டிகிரியை அழிப்பானாகப் பயன்படுத்தும் பழக்கத்தால்தான் சில இடங்களில் ஓ ஆள் ஏ ஆகிவிடுகிறார்.

அதோடு ஆன்டி-எம் சிலருக்கு ஐஜிஜி (37-லும் வேலை செய்யக்கூடிய வகை) பகுதியோடும் இருக்கும். மூன்று பிரசவம் ஆனவர் என்பதால் வேறு ஆன்டிபாடி அடியில் ஒளிந்திருக்கவும் கூடும். ஆன்டிபாடி ஸ்கிரீனும் பேனலும் (எந்த ஆன்டிபாடி என்று கண்டுபிடிக்கும் செல் வரிசை) கட்டாயம். அது மதர் பிளட் பேங்க் வேலை. அவர்கள் பப்பாயின் என்ற என்சைமில் ஊறவைத்த செல்லோடும் பார்ப்பார்கள்: எம் ஆன்டிஜன் பப்பாயினில் அழிந்துவிடும், ஒட்டுதல் மறையும், லூயிஸும் பி1-ம் பப்பாயினில் இன்னும் வலுக்கும்.

---

மதுரைரோடு

அனுப்பும் விதம் முக்கியம். ஈடிடிஏ 5 மில்லி, பிளெய்ன் 5 முதல் 10 மில்லி. இந்தக் கேஸில் ஆட்டோ நெகட்டிவ் என்பதால் வழக்கமான குளிர்பெட்டி போதும். ஆட்டோ பாசிட்டிவாக இருந்து குளிர் ஆட்டோஆன்டிபாடி சந்தேகம் என்றால் மட்டும் ஐஸில் வைக்கவே கூடாது. எடுத்த உடனே 37 டிகிரி வெந்நீர் உள்ள வாய் அகன்ற ஃபிளாஸ்கில் வைத்து, சூடு ஆறும் முன்பே சீரத்தைப் பிரித்துவிட வேண்டும். குளிர்ந்துவிட்டால் ஆன்டிபாடி செல்மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். செல் தானாக ஒட்டும், சீரத்திலோ ஒன்றும் மிஞ்சாது. அப்படிப்பட்ட செல்லை 37 டிகிரி சலைனில் கழுவித்தான் ஃபார்வர்டு போட வேண்டும்.

படிவத்தில் ‘ஏபிஓ டிஸ்க்ரெபன்சி’ என்ற இரண்டு வார்த்தையோடு நிறுத்தாதீர்கள். நோய் என்ன, பிரசவம், இரத்தம் ஏற்றிய வரலாறு, தற்போதைய மருந்துகள் (இம்யூனோகுளோபுலின் ஊசி போட்டிருந்தால் குறிப்பாக, அதில் கொடையாளர்களின் ஆன்டி-ஏ, ஆன்டி-பி இருக்கும்), ஒவ்வொரு டியூபின் கிரேடு, வெப்பநிலை, ரீஏஜென்ட் லாட் நம்பர். இங்கே நீங்கள் பதித்ததையே அப்படியே எழுதினால் போதும், அவர்களுக்குப் பாதி வேலை மிச்சம்.

விடை வரும் முன் நோயாளி திடீரென்று மோசமானால்: மூன்றாவது ஏ கொடையாளரின் பையை எடுக்கத் தோன்றும், குரூப் உறுதியாகாமல் அது வேண்டாம். ஓ பேக்டு செல், 37 டிகிரி மற்றும் கூம்ப்ஸ் வரை கிராஸ்மேட்ச் செய்து, மருத்துவர் கையெழுத்தோடு. அறை வெப்பத்தில் அந்த ஓ பை இவர் சீரத்தோடு 1+ காட்டலாம், அது இந்தக் குளிர் ஆன்டிபாடி. 37-லும் கூம்ப்ஸிலும் சுத்தமாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி. பிளாஸ்மா தேவைப்பட்டால் ஏபி.

---

பனைக்காடு

ஓ செல்லுக்கு ஒரு கூடுதல் குறிப்பு. ஜெல் கார்டு வாங்கினால் இந்தத் தொல்லை போய்விடும் என்று நினைப்பவர்களுக்கு: ஃபார்வர்டும் ரிவர்ஸும் சேர்ந்த வழக்கமான ஆறு குழி கார்டில் ஏ1, பி செல்லுக்குத்தான் ரிவர்ஸ் குழி, ஓ செல்லுக்கு இல்லை. கார்டு வந்தாலும் ஓ செல்லைத் தனி டியூபில் போட்டாக வேண்டும். ஃபைப்ரின் இழை இருந்தால் ஜெல்லின் மேல்மட்டத்தில் ஒரு கோடு நிற்கும், அதையும் பாசிட்டிவ் என்று படிப்பார்கள்.

---

சேதுக்கரை_லேப்

முடிவு வந்துவிட்டது. லெக்டின் பாசிட்டிவ், ஏ1. ஆன்டி-எம் உறுதி, பப்பாயின் செல்லில் மறைந்தது, 37-லும் கூம்ப்ஸிலும் நெகட்டிவ். வேறு ஆன்டிபாடி இல்லை. எம் இல்லாத ஏ1 செல்லோடு ரிவர்ஸ் 0. குரூப் ஏ பாசிட்டிவ். இரண்டு ஏ யூனிட் கூம்ப்ஸ் கிராஸ்மேட்சில் பொருந்தியிருக்கிறது. எம் நெகட்டிவ் பைதான் வேண்டுமா, இரத்தத்தைச் சூடாக்கி ஏற்ற வேண்டுமா என்று வார்டில் கேட்கிறார்கள்.

---

உப்பளக்காற்று

இரண்டுக்கும் வேண்டாம் என்பதே பதில். 37 டிகிரியிலும் கூம்ப்ஸிலும் வேலை செய்யாத ஆன்டி-எம்முக்கு எம் நெகட்டிவ் பை தேடத் தேவையில்லை, கிராஸ்மேட்ச் பொருந்தினால் போதும். சூடாக்கவும் தேவையில்லை. முக்கியமாக, ‘குளிர் ஆன்டிபாடி’ என்று காதில் விழுந்ததும் பையை வெந்நீர் வாளியில் போடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், செல் உடைந்துவிடும். ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்த அரை மணிக்குள் தொடங்கி 4 மணி நேரத்துக்குள் முடிக்கட்டும். முதல் 15 நிமிடம் மெதுவாக, ஆள் பக்கத்தில் நின்று பார்க்கட்டும்.

டிஸ்சார்ஜ் சீட்டில் ‘ஏ பாசிட்டிவ், ஆன்டி-எம் உள்ளது, 37 டிகிரியில் நெகட்டிவ்’ என்று எழுதிக் கொடுங்கள். ஆபரேஷனுக்கு மதுரையோ வேறெங்கோ போனால் அங்கேயும் ரிவர்ஸ் இதே முரண்பாட்டைக் காட்டும். இந்த இரண்டு பை ஏறிய பிறகு மறுபடி இரத்தம் கேட்டால், எடுத்து மூன்று நாளைத் தாண்டிய சாம்பிளில் கிராஸ்மேட்ச் செய்யாதீர்கள், புதிதாக எடுத்து ஸ்கிரீனும் சேர்த்துப் போடுங்கள்.